வரி விதி மாறும்போது கடைக்கணக்கில் பார்க்க வேண்டியவை

பட்ஜெட் அன்று டிவியில் ஓடுவது பெரும்பாலும் சம்பளக்காரர்களுக்கான செய்திதான், கடை நடத்துகிறவருக்கு வேண்டியது அதில் பாதிகூட வராது. தவிர, ஜிஎஸ்டி விகிதம் பட்ஜெட்டுக்காகக் காத்திருப்பதில்லை. கவுன்சில் கூடி முடிவெடுத்தால் ஆண்டு நடுவிலும் மாறும். 2025 செப்டம்பர் 22 அன்று அப்படித்தான் ஏசி 28 சதவீதத்திலிருந்து 18-க்கும், நெய் 12-லிருந்து 5-க்கும் வந்தன.

அப்படி மாறும்போது எந்த விகிதத்தில் பில் போடுவது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பொருள் கொடுத்த நாள், பில் தேதி, பணம் வந்த நாள், இந்த மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். விகிதம் மாறிய நாளுக்கு முன்பா பின்பா என்று பார்த்து, மூன்றில் இரண்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்து விகிதம்தான். செப்டம்பர் 20 அன்று ஏசிக்கு முழுப் பணம் வாங்கி, 24 அன்று பில் போட்டு டெலிவரி கொடுத்திருந்தால் 18. பணமும் பில்லும் 20-லேயே முடிந்து, டெலிவரி மட்டும் 24 என்றால் 28. பழைய ஸ்டாக்கை விற்றாலும் இதே கணக்குதான். வாங்கும்போது கூடுதலாகக் கட்டிய வரி எங்கும் போகாது, பொருளுக்கு வரி இருக்கும்வரை அது இன்புட் கிரெடிட்டாக நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழியும்.

சரி, மார்ச் மாத வேலைகளுக்கு வருவோம்.

அடுத்த நிதியாண்டில் கம்போசிஷனுக்கு, அதாவது டர்ன்ஓவரில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறைக்கு, மாற நினைத்தால் மார்ச் 31-க்குள் ஜிஎஸ்டி போர்ட்டலில் சிஎம்பி-02 படிவம் கொடுத்துவிட வேண்டும். டர்ன்ஓவர் 1.5 கோடி வரை உள்ள வியாபாரிக்கு 1 சதவீதம்தான் என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் இன்புட் கிரெடிட் கிடையாது, வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது, உங்களிடம் வாங்கும் கடைக்காரருக்கும் கிரெடிட் போகாது. மொத்த வியாபாரம் செய்கிறவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்பேன். ஏற்றுமதி செய்கிறவர்கள் எல்யுடியை, அதாவது வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யக் கொடுக்கும் உறுதிமொழிக் கடிதத்தை, புதுப்பிக்க வேண்டும். ஏப்ரல் 1-லிருந்து பில்லுக்குப் புது வரிசை எண் தொடங்குங்கள், எழுத்தும் எண்ணும் சேர்த்து 16-க்குள் இருக்கட்டும்.

அப்புறம் சப்ளையர் பாக்கி, இதை ரொம்பப் பேர் கவனிப்பதில்லை. உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கோ சேவை தருகிறவருக்கோ எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் போயிருக்க வேண்டும். கெடுவும் தாண்டி மார்ச் 31-லும் பாக்கி நின்றால், அந்தத் தொகையை இந்த ஆண்டு செலவாகக் காட்ட முடியாது, கட்டுகிற ஆண்டில்தான் காட்டலாம். கையில் வராத லாபத்துக்கு வரி கட்டுவது போலத்தான். அதனால் பிப்ரவரியிலேயே ஒவ்வொரு சப்ளையரிடமும் உத்யம் சான்றிதழ் கேட்டு வாங்கி வையுங்கள், அது இருந்தால் யாருக்கு முதலில் பணம் போட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வருகிறது, பிரிவு எண்களெல்லாம் மாறுகின்றன. 2025-26 வருமானத்துக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டமேதான். டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடிக்கிறவர்கள் ஏப்ரலில் முதல் சலான் போடும் முன் சாஃப்ட்வேரில் புது எண்கள் ஏறிவிட்டனவா என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.