மார்கழிப் பனியில் ஒரு தார்ச் சாலை: பிளெண்டரில் செய்யும் முறை

பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண மென்பொருளில் குளிர்காலக் காட்சி அமைப்பதைச் சொல்லித் தரும் பாடங்களைத் தேடினால், பெரும்பாலும் வெண்பனி கொட்டும் சாலைதான் கிடைக்கிறது. எங்கள் கோபிச்செட்டிப்பாளையம் பக்கம் குளிர்காலம் வேறு மாதிரி. மார்கழியில் விடிவதற்கு முன் தடப்பள்ளி வாய்க்கால் ஓரம் நின்றால், நெல்வயல்மேல் ஆளுயரத்துக்குப் பனி படிந்திருக்கும். அதற்கு மேலே தென்னையின் தலைகள் தெளிவாகத் தெரியும். அந்த நேரத்தில் பால்காரர் ஒருவர் மொபெட்டில் வரும் 10 விநாடிக் காட்சிக்கு எனக்கு 3 வாரம் பிடித்தது. அதில் பெரும்பகுதி பனிமூட்டத்தில் செய்த ஒரே தவற்றில் போயிற்று. அதை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன். நோடுகளை (நிறம், ஒளி போன்றவற்றை அமைக்கும் கட்டங்களை) இணைக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் சாலை

7 மீட்டர் அகலம், 200 மீட்டர் நீளத்தில் ஒரு தளம் போடுங்கள். நம் நாட்டில் இருவழிச் சாலைக்கு 7 மீட்டர்தான் வழக்கமான அளவு. அதைத் தட்டையாக விடக் கூடாது. மழைநீர் வடிவதற்காக நடுவை உயர்த்தி இரு பக்கமும் சரித்திருப்பார்கள். 2 சதவீதச் சரிவு என்றால் நடுக்கோடு ஓரத்தைவிட 7 செ.மீ. உயரம். பிறகு ஸ்கேலை அப்ளை செய்துவிடுங்கள், அதாவது நீட்டிய அளவையே பொருளின் இயல்பான அளவாகப் பதிந்துவிடுங்கள்.

தாரின் நிறத்தைக் கண்ணை நம்பித் தேர்ந்தெடுக்காதீர்கள். புதிதாகப் போட்ட தார் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 5 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். வெயிலில் வெளுத்த பழைய சாலை 12 சதவீதம் வரை அனுப்பும். ஆகவே பேஸ் கலர் (அடிப்படை நிறம்) மதிப்பு 0.05க்கும் 0.12க்கும் இடையில் இருக்கட்டும். சாலை முழுக்க ஒரே நிறமாக இல்லாமல் இருக்க நாய்ஸ் டெக்ஸ்சரை (ஒழுங்கற்ற திட்டுகளைத் தரும் நோடை) கலக்குங்கள். அதற்குப் பொருளின் நீள அகலத்தை 0 முதல் 1 வரை சுருக்கும் ஜெனரேட்டட் ஆயங்களைக் கொடுத்தால் கறைகள் சாலை நீளத்துக்கு இழுபட்டுப்போகும். மீட்டர் கணக்கிலேயே அளக்கும் ஆப்ஜெக்ட் ஆயங்களைக் கொடுங்கள்.

ஜல்லியின் சொரசொரப்புக்குப் பாலி ஹேவன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் படங்களே போதும். கறையும் தேய்மானமும் மட்டும் உங்கள் ஊர்ச் சாலையிலிருந்து வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மேகமூட்டமான நாளில், நிழல் விழாதபோது, கைப்பேசியில் படமெடுங்கள். சக்கரத் தடங்களில் ஜல்லி தேய்ந்து வழவழப்பாக இருக்கும். இரு தடங்களுக்கும் நடுவில் எண்ணெய் சொட்டிய கருங்கோடு ஓடும். ஓரத்தில் இட்டேரி (வேலிகளுக்கு நடுவே செல்லும் மண்பாதை) வந்து சேரும் இடத்தில் செம்மண் விசிறிபோல் பரவியிருக்கும். எங்கள் பக்கம் வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று கொள்ளுச் செடியைச் சாலையில் பரப்புவார்கள். அந்தத் தூசு தார் ஓரத்தில் பல நாள் தங்கும். இவற்றைக் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் கறுப்பு வெள்ளை முகமூடிப் படமாக (மாற்றம் எங்கே வர வேண்டும் என்று காட்டும் படமாக) கையால் வரைந்து எடுத்துக்கொண்டேன். பிளெண்டருக்குள்ளேயே வரையலாம், ஆனால் தூரிகைகள் கிரிட்டாவில் பல மடங்கு மேல். ரஃப்னஸ் (சொரசொரப்பு), நார்மல் (மேடுபள்ளம்) படங்கள் நிறத்தை அல்ல, எண்களைத் தருபவை; அவை எல்லாவற்றுக்கும் கலர் ஸ்பேஸ் நான்-கலர் என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஈரம்

பகல் வெயிலைத் தார் தேக்கி வைத்துக்கொள்வதால் புல் நனையும் அளவுக்கு அது சீக்கிரம் நனையாது. ஆனால் புளியமரத்தடிக்குப் போய்க் குனிந்து பாருங்கள். இலைகளில் சேர்ந்த பனித்துளிகள் சொட்டிச் சொட்டி, மரக்கிளை எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறதோ அவ்வளவு தூரம் சாலை கறுத்திருக்கும். ஜல்லியின் மண்டை காய்ந்து சாம்பல் நிறமாகவும், இடுக்குகள் மட்டும் மினுமினுப்பாகவும் இருக்கும். எனவே முழுச் சாலையையும் நனைக்காதீர்கள். மரத்தடிக்கு ஒரு முகமூடிப் படம் வரைந்து, அங்கே மட்டும் பேஸ் கலரை 0.6ஆல் பெருக்கி, ரஃப்னஸை 0.8லிருந்து 0.25க்கு இறக்குங்கள்.

பனிமூட்டம்: என்னை நிறுத்திய இடம்

காட்சியைச் சூழ்ந்த வெளிக்கான வேர்ல்டு அமைப்பிலேயே, ஒளியைச் சிதறடித்து மூட்டம் உண்டாக்கும் வால்யூம் ஸ்கேட்டர் நோடைக் கொடுத்துவிட்டேன். பனி வந்தது, சூரியன் காணாமல் போயிற்று. சூரிய விளக்கின் வலிமையை 5, 50, 1000 என்று ஏற்றிக்கொண்டே போனேன். ஒரு கீற்றுகூட வரவில்லை. காரணம் இதுதான்: வேர்ல்டில் கொடுத்த மூட்டத்துக்கு எல்லை கிடையாது. சூரிய விளக்கோ முடிவில்லாத தொலைவில் இருப்பதாகக் கணக்கு. முடிவில்லாத பனியைக் கடக்கும் ஒளியில் எதுவும் மிஞ்சாது.

அதனால் வேர்ல்டை விட்டுவிட்டு 300 மீட்டர் நீள அகலமும் 12 மீட்டர் உயரமும் உள்ள ஒரு பெட்டியால் காட்சியையும் கேமராவையும் மூடுங்கள். அதன் மெட்டீரியலில் சர்ஃபேஸ் நோடை நீக்கிவிட்டு, வால்யூமில் மட்டும் ஸ்கேட்டரை இணையுங்கள்.

அடுத்தது டென்சிட்டி, அதாவது மூட்டத்தின் அடர்த்தி. தொடக்கத்தில் அது 1 என்று இருக்கும். அப்படியே விட்டால் ஒரே மீட்டரில் ஒளி 37 சதவீதமாகக் குறைந்துவிடும், சாலையே தெரியாது. எவ்வளவு தூரம் தெரிய வேண்டுமோ, அந்த மீட்டர் கணக்கால் 3ஐ வகுங்கள். 100 மீட்டர் தெரிய வேண்டுமானால் 0.03. அந்தத் தூரத்தில் 5 சதவீத ஒளி மிஞ்சும். மரம் நிழலுருவாகக் கரையும். 1000 மீட்டருக்குக் குறைவாகத் தெரிந்தாலே வானிலையாளர்கள் அதை மூடுபனி என்பார்கள், அதற்கு 0.003 போதும்.

பனி தரையில் படிய வேண்டும் அல்லவா? ஆப்ஜெக்ட் ஆயத்தின் இசட் மதிப்பை (உயரத்தை) மேப் ரேஞ்ச் என்ற எண் மாற்றும் நோடில் கொடுத்து, டென்சிட்டி 0 மீட்டரில் 0.04, 4 மீட்டரில் 0.002 என்று குறையவிடுங்கள். தென்னந்தலைகள் தானாக வெளியே வரும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் நிலம் தன் சூட்டை இழப்பதால்தான் இந்தப் பனி உண்டாகிறது. ஆகவே பனியை ஓடவிடாதீர்கள். தென்னை ஓலையையும் ஆட்டாதீர்கள். ஓலை அசைந்தால் இந்தப் பனி பொய்யாகிவிடும்.

ஒளியமைப்பைப் பிளெண்டரின் வேகமான ரெண்டர் முறையான ஈவீயில் சோதித்துப் பார்த்து, இறுதிப் படத்தை மெதுவான, ஆனால் துல்லியமான சைக்கிள்ஸில் எடுங்கள்.

பிற்சேர்க்கை: பனி தென்னை உயரத்துக்கு ஒரே சீராக நிற்கிறது, தரையில் படியவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். பெட்டியின் ஆரிஜின் (உயரத்தை அளக்கத் தொடங்கும் புள்ளி) அதன் நடுவில் இருப்பதுதான் காரணம். அதை அடிப்பக்கத்துக்குக் கொண்டுவந்து, பெட்டியின் ஸ்கேலையும் அப்ளை செய்யுங்கள்.

இன்னொருவருக்கு மொபெட் விளக்கின் கற்றை தெரியவில்லை. பனித்துளி ஒளியைப் பெரும்பாலும் முன்பக்கமாகவே சிதறடிக்கும் என்பதால், ஸ்கேட்டரில் சிதறலின் திசையைத் தீர்மானிக்கும் அனைசோட்ரபியை 0.7 என்று வைத்திருந்தேன். வண்டி கேமராவை நோக்கி வரும்போது இது அற்புதமாக இருக்கும். பக்கவாட்டிலிருந்து பார்க்கும் காட்சியில் கற்றை மங்கிவிடும். அங்கே மட்டும் 0.3க்கு இறக்கிக்கொள்ளுங்கள்.