நாற்று நெட்டையாக வளர்ந்தால் சந்தோஷப்படாதீர்கள்

போன வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி தக்காளி நாற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணா, பத்தே நாளில் எவ்வளவு உயரம் பாருங்க!" பார்த்தேன். நூடுல்ஸ் மாதிரி வெளுத்த தண்டு, உச்சியில் இரண்டே வித்திலை (விதையிலிருந்து முதலில் விரியும் இலை), எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தன. பல வருடங்களுக்கு முன்னால் என் தட்டும் அச்சு அசலாக இப்படித்தான் இருந்தது. தண்ணீரைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் வெளிச்சத்தை மட்டும் சொல்கிறேன்.

தெற்கு ஜன்னல்

இதை நினைத்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. நான் படித்த குறிப்புகள் எல்லாவற்றிலும் "நாற்றைத் தெற்கு ஜன்னலில் வையுங்கள்" என்றிருந்தது. எழுதியவர்கள் பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பவர்கள். நாம் இருப்பதோ தென்னாப்பிரிக்காவின் டர்பன், ரேகைக்குத் தெற்கே. ஜூன் மாத நடுப்பகலில் சூரியன் வடக்கு வானில், பாதி உயரம்கூட ஏறாமல் நிற்கும். தெற்குச் சுவரில் குளிர்காலம் முழுக்க ஒரு பொட்டு வெயில் விழாது. அது தெரியாமல் மிளகாய், கத்தரி, தக்காளி என ஆறு தட்டுகளை அங்கே அடுக்கினேன். ஆகஸ்டில் நடுவதற்கு ஒன்றுகூடத் தேறவில்லை. விதைக் காசு போனால் போகட்டும், பருவமே போயிற்று.

வெளிச்சம் குறைந்தால் செடி இலையையும் வேரையும் விட்டுவிட்டு, இருக்கிற சத்தையெல்லாம் தண்டை நீட்டுவதிலேயே செலவழிக்கும். மண்ணுக்குள் கிடக்கும் முளை வெளியே வரச் செய்கிற அதே வேலைதான். சாய்வதற்குக் காரணம் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன்: அது நிழல் பக்கம் அதிகம் சேர, அந்தப் பக்கம் கூடுதலாக நீள, செடி ஜன்னலை நோக்கி வளையும். நானோ சத்துக் குறைவு என்று நினைத்து உரம் வேறு ஊற்றினேன். இன்னும் நீண்டது.

இரவெல்லாம் விளக்கு

வேண்டாம். தக்காளி இலை மஞ்சளாகிவிடும்.

நெருக்கி விதைப்பது

பக்கத்துச் செடியின் இலையில் பட்டுத் திரும்பும் தொலைசிவப்பு ஒளியை (சிவப்புக்கு அடுத்து, நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒளி) நாற்று உணர்ந்துகொள்ளும். நிழல் விழுவதற்கு முன்பே போட்டி போட்டு நீள ஆரம்பிக்கும். முளைத்ததும் நெருக்கமாக இருப்பவற்றைப் பிடுங்கி இடைவெளி விடுங்கள்.

நேரே வெயிலுக்கு

இலையில் வெள்ளைத் திட்டு விழும். நிழல்வலைக்கு அடியில் ஒரு வாரமாவது வைத்து, வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுங்கள்.

தம்பியின் தக்காளியை வித்திலை வரை புதைத்து நட்டுக் கொடுத்தேன். தக்காளித் தண்டில் வேர் விடும், பிழைத்தாலும் பிழைக்கும். அவருடைய மிளகாய் நாற்றுத் தட்டைக் கொட்டிவிட்டு மறுபடி விதைக்கச் சொன்னேன். இன்னும் கொட்ட மனசு வரவில்லையாம்.