வாரா வாரம் வர்ற ஜிகே குவிஸ்ஸ ஒழுங்கா ஆடுறது எப்படி

மொதல்ல ஒரு பேப்பர் பேனா எடுத்துக்கோங்க. போன்லயே நோட்ஸ் ஆப்ல டைப் பண்ணிக்கலாமேன்னு தோணும், வேணாம், போன் கைல இருந்தா மூணாவது கேள்வி வர்றதுக்குள்ள விரல் தானா சர்ச் பாக்ஸுக்கு போயிரும், அப்புறம் அது குவிஸ் இல்ல, வெறும் தேடுற வேலை. மனசுக்குள்ளயே பதில் சொல்லிக்கிறதும் வேணாம். ஏன்னா விடைய பாத்த அடுத்த நொடி "அட இது எனக்கு தெரியுமே, நுனி நாக்குல இருந்துச்சே"ன்னு எல்லாருக்கும் தோணும், அதுக்கு நாமளே மார்க்கும் போட்டுக்குவோம். பேப்பர்ல எழுதினது மட்டும்தான் பதில், எழுதாதது பதிலே இல்ல, இந்த ஒரு ரூல் போதும் மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

கூடவே சில்லறை ரூல்ஸும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிருங்க. ஸ்பெல்லிங் தப்பா இருந்தா ஓகேவா, ஆளோட பாதி பேரு மட்டும் எழுதினா போதுமா, வருஷம் ஒண்ணு முன்ன பின்ன போனா அரை மார்க் உண்டா, இதெல்லாம். விடைய பாத்த பிறகு ரூல் போட ஆரம்பிச்சா எல்லா ரூலும் நமக்கு சாதகமாத்தான் இருக்கும்.

ஆட ஆரம்பிச்சதும் ஒவ்வொரு கேள்வியா முட்டிக்கிட்டு நிக்காதீங்க. எல்லா கேள்வியையும் கண்ணு முன்னாடி வச்சு ஆடுற குவிஸ்னா முதல் ரவுண்டுல மேலேந்து கீழ வரைக்கும் ஓடி பட்டுன்னு தெரிஞ்சதெல்லாம் எழுதிருங்க, இழுக்குறத விட்டுட்டு போங்க. எட்டாவது கேள்விய படிக்கும்போது நாலாவதோட பதில் வந்து நிக்கும், அது எல்லாருக்கும் நடக்குறதுதான். ரெண்டாவது ரவுண்டுல மிச்சத்த எடுத்து யோசிங்க, மூணாவது ரவுண்டுல எந்த இடத்தையும் காலியா விடாம ஏதாவது ஒண்ணு எழுதுங்க. சும்மா கெஸ் பண்ணி என்ன பிரயோஜனம்னு கேப்பீங்க. விடைய பாக்குறதுக்கு முன்னாடி தப்பாவாவது ஒரு பதில் முயற்சி பண்ணினா சரியான விடை அதுக்கப்புறம் நல்லா மனசுல நிக்குதுன்னு 2009ல வந்த ஒரு உளவியல் ஆராய்ச்சில சோதிச்சு பாத்திருக்காங்க. அதனால "தெரியல"ன்னு எழுதுறத விட தப்பா எழுதுறதே லாபம்.

சரி இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். ஜிகே குவிஸ்ல நல்லா ஆடுறவங்களுக்கு எல்லாமே தெரியும்னு நெனைக்காதீங்க, அவங்க கேள்விய நல்லா படிக்கிறாங்க, அவ்ளோதான். கேள்விலயே பாதி பதில் இருக்கும். உதாரணத்துக்கு நோபல் பரிசு ரெண்டு தடவ வாங்கினவங்கள எடுத்துக்கோங்க. "வெவ்வேற ரெண்டு அறிவியல் துறைல வாங்கினது யாரு"ன்னா மேரி கியூரி ஒருத்தர்தான், 1903ல இயற்பியல், 1911ல வேதியியல். அதே கேள்விய "யார் கூடவும் பங்கு போடாம தனியா ரெண்டு நோபல்"னு மாத்திட்டா பதில் லைனஸ் பாலிங், 1954ல வேதியியலுக்கும் 1962க்கான சமாதான பரிசும். "இயற்பியல்லயே ரெண்டு தடவ"ன்னா ஜான் பார்டீன், 1956லயும் 1972லயும். ஒரே ஒரு சொல்லு மாறினா ஆளே மாறிட்டாரு பாத்தீங்களா, அதனால நோபல், ரெண்டு தடவ அப்படிங்கற வரைக்கும் படிச்சிட்டு கியூரின்னு எழுதிட்டு போயிராதீங்க, முழு வாக்கியத்தையும் படிங்க. "முழுக்க இன்னொரு நாட்டுக்குள்ளயே இருக்குற நாடு"ன்னு கேட்டா வத்திக்கான், சான் மரினோ, லெசோதோன்னு மூணு இருக்கு, கேள்வில ஆப்பிரிக்கான்னு ஒரு வார்த்தை இருந்தா லெசோதோ தவிர வேற வழியே இல்ல.

அடுத்து, "இத ஏன் நம்மகிட்ட கேக்குறாங்க"ன்னு யோசிச்சு பாருங்க. பதில் சப்புன்னு இருந்தா கேள்வி கேக்குறவருக்கு என்ன சுவாரசியம்? அதிக நேர மண்டலம் இருக்குற நாடு எதுன்னா எல்லாருக்கும் ரஷ்யான்னு வாய்ல வரும், ஆனா பதில் பிரான்ஸ், கடல் தாண்டி அங்கங்க இருக்குற அவங்க பகுதிங்களையும் சேத்தா 12 வருது, ரஷ்யாவுக்கு 11தான். நூறாண்டு போர் எத்தன வருஷம் நடந்துச்சுன்னு கேட்டா நூறுன்னு எழுதுறவன் மாட்டுவான், 1337லேந்து 1453 வரைக்கும், 116 வருஷம். பனாமா தொப்பி எந்த நாட்டோடதுன்னா ஈக்வடார். தலைநகர் கேள்வியும் இதே ஜாதிதான், சில நாட்டுல பெருசா பேர் கேட்ட நகரம் தலைநகரா இருக்காது: ஆஸ்திரேலியாவுக்கு சிட்னி இல்ல கான்பெரா, துருக்கிக்கு இஸ்தான்புல் இல்ல அங்காரா, கனடாவுக்கு ஒட்டாவா, பிரேசிலுக்கு 1960லேந்து பிரசிலியா, நைஜீரியாவுக்கு 1991லேந்து அபுஜா. இந்த மாதிரி ஒரு பத்து பதினஞ்சு தெரிஞ்சு வச்சுக்கிட்டா அதுவே அடிக்கடி கை குடுக்கும், உலகத்துல இருக்குற எல்லா தலைநகரையும் உருப்போட வேண்டிய அவசியம் இல்ல.

ஆனா இதுலயும் ஓவரா போயிரக்கூடாது. முதல் ரெண்டு கேள்வி பெரும்பாலும் சூடு ஏத்துறதுக்குன்னே போடுவாங்க, அங்க போய் "இதுல ஏதோ உள்குத்து இருக்கு"ன்னு நோண்டிக்கிட்டு இருந்தா சும்மா கெடச்ச மார்க்கும் போயிரும். கஷ்டமான கேள்விக்கு மட்டும் சந்தேகத்த வச்சுக்கோங்க.

வருஷம் கேக்குற கேள்விதான் நெறைய பேருக்கு பயம், எனக்கு என்னவோ அதுதான் ரொம்ப சுலபமா கெஸ் பண்ற ஐட்டம்னு தோணும். எல்லா வருஷமும் மனப்பாடம் வேணாம், நட்டு வச்ச கம்பு மாதிரி கொஞ்சம் வருஷம் இருந்தா போதும், மத்தத அதுக்கு நடுவுல கட்டிக்கலாம். 1896 முதல் நவீன ஒலிம்பிக்ஸ், 1901 முதல் நோபல், 1912 டைட்டானிக், 1930 முதல் உலகக்கோப்பை கால்பந்து, 1945 ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சது, 1957 முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக், 1961 முதல் மனுஷனா ககாரின் விண்வெளி போனதும் பெர்லின் சுவர் எழும்பினதும், 1969 நிலவுல கால் வச்சது, 1989 சுவர் இடிஞ்சது, 1991 சோவியத் யூனியன் கலைஞ்சது. இப்ப விண்வெளி போன முதல் பெண் வாலன்டினா தெரஷ்கோவா எப்ப போனாங்கன்னு கேட்டா ககாரினுக்கு அப்புறம், நிலவுக்கு முன்னாடி, அமெரிக்கா-சோவியத் விண்வெளிப் போட்டி சூடா இருந்த நேரம், அப்போ ககாரின் பக்கமாத்தான் இருக்கும்னு 62, 63ன்னு வந்து நிப்பீங்க. விடை 1963. தெரியாமலே ஒரு வருஷம் தள்ளி வரைக்கும் வந்தாச்சே.

இதுல இன்னொரு சின்ன கணக்கு இருக்கு. கோடைக்கால ஒலிம்பிக்ஸ் வருஷம் எல்லாம் நாலால மீதியில்லாம வகுபடும், உலகக்கோப்பை கால்பந்து வருஷத்த நாலால வகுத்தா மீதி ரெண்டு வரும், 1930, 1966, 1986, 2022 எதுவேணா போட்டு பாருங்க. ஒலிம்பிக்ஸ்ல 1916, 1940, 1944 போர்னால நடக்கல, கால்பந்துல 1942, 1946 நடக்கல, டோக்கியோ 2020ன்னு பேரு இருந்தாலும் நடந்தது 2021ல, இந்த விதிவிலக்கத்தான் அடிக்கடி கேள்வியாவே கேப்பாங்க.

எண்ணிக்கை கேள்விக்கும் இதே மாதிரி ஒரு பிடி இருந்தா போதும். பூமியோட சுற்றளவு ஞாபகம் இல்லயா, மீட்டர்னு ஒரு அளவ பிரான்ஸ்ல உருவாக்கினப்பவே துருவத்துலேந்து நிலநடுக்கோடு வரைக்கும் ஒரு கோடி மீட்டர்னு வச்சுத்தான் உருவாக்கினாங்க, அப்போ முழு சுத்து நாலு கோடி மீட்டர், அதாவது 40,000 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டுல அளந்தா வர்றது 40,075, நம்ம கெஸ்ஸுக்கு இது எவ்ளோ கிட்டன்னு பாருங்க.

எழுதின பதில மாத்தலாமா வேணாமான்னு ஒரு பெரிய பஞ்சாயத்து எப்பவும் நடக்கும், "மொதல்ல தோணுனதுதான் சரி, கை வைக்காத"ன்னு கூட இருக்குறவங்க சொல்லுவாங்க. 2005ல வந்த ஒரு ஆராய்ச்சில காலேஜ் பசங்களோட பரீட்சைத் தாள்ல அழிச்சு எழுதின பதிலெல்லாம் எண்ணி பாத்தாங்க, பாதிக்கு மேல தப்புலேந்து சரிக்கு மாறியிருந்துச்சு, சரிலேந்து தப்புக்கு போனது கால்வாசிதான். மாத்தி தப்பா போனது மட்டும் நமக்கு ரொம்ப வலிக்கும், அதனால அதுவே ஞாபகத்துல நிக்குது. அதனால மாத்துறதுக்கு ஒரு காரணம் சொல்ல முடிஞ்சா மாத்துங்க, வெறும் பயத்துல மாத்தாதீங்க.

கூட்டமா ஆடுறீங்கன்னா ஒரு விஷயம் மட்டும். யார் சத்தமா சொல்றாங்களோ அவங்க பதில்தான் பேப்பர்ல ஏறும், மூலைல ஒருத்தர் மெதுவா சரியான பதில சொல்லியிருப்பாரு, யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. அதனால கேள்வி முடிஞ்சதும் ஆளாளுக்கு தனித்தனியா எழுதிட்டு அப்புறம் பேசுங்க, எவ்ளோ நிச்சயம்னும் பக்கத்துல ஒரு நம்பர் போட்டுக்கோங்க.

விடை பாக்கும்போது உங்களோடது தப்புன்னு வந்தாலும் உடனே ஒத்துக்காதீங்க, சில விடை காலாவதி ஆயிருக்கும். சூரிய குடும்பத்துல அதிக நிலவு இருக்குற கோள் எதுன்னா 2023 ஆரம்பத்துல வியாழன் முந்துச்சு, கொஞ்ச மாசத்துலயே சனி திரும்ப புடிச்சிருச்சு, 2025ல இன்னும் 128 நிலவ அங்கீகரிச்சு சனிக்கு மொத்தம் 274 ஆயிருச்சு. கசகஸ்தான் தலைநகர் அஸ்தானா, 2019ல நூர்-சுல்தான்னு மாத்தினாங்க, 2022ல திரும்ப அஸ்தானாவே ஆக்கிட்டாங்க. நீளமான ஆறு நைலா அமேசானாங்கற சண்டைய மட்டும் தொடாதீங்க, எங்கேந்து அளக்க ஆரம்பிக்கணும்ங்கறதுலயே ஒத்துமை இல்ல, குவிஸ் போட்டவர் எத சொல்றாரோ அத வாங்கிட்டு போய்க்கிட்டே இருங்க.

ஸ்கோர கூட்டினதோட பேப்பர கசக்கி போட்டுடாதீங்க, தப்பானத மட்டும் ஒரு நோட்டுல எழுதி வைங்க. அதுலயும் "இது சத்தியமா சரி"ன்னு நம்பி தப்பான கேள்விக்கு ஒரு ஸ்டார் போடுங்க, ரொம்ப நம்பிக்கையா சொல்லி தப்பானதுதான் திருத்தினா நல்லா பதியுதுன்னு 2001லயே ஆராய்ச்சில பாத்திருக்காங்க, ஆச்சரியம் சும்மா விடாது போல. அப்புறம் ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்து வீட்டயும் எட்டி பாத்துட்டு வாங்க. டங்ஸ்டனோட குறியீடு W-ங்கறதுல மாட்டிக்கிட்டா அதோட நிறுத்தாம பேருக்கும் எழுத்துக்கும் சம்பந்தமே இல்லாத மத்த தனிமங்களையும் பாருங்க, சோடியம் Na, பொட்டாசியம் K, ஈயம் Pb, பாதரசம் Hg, வெள்ளீயம் Sn, ஆன்டிமனி Sb. அப்படியே 118 தனிமத்தோட குறியீட்டுலயும் எங்கயும் வராத ஆங்கில எழுத்து J, Q ரெண்டுதான்னும் தெரிஞ்சுக்குவீங்க, அது என்னிக்காவது ஒரு கேள்வியா வந்தே தீரும்.

நோட்டு கொஞ்சம் நெறஞ்சதும் எந்த ஏரியால அடி வாங்குறோம்னு தானா தெரியும், ஒருத்தருக்கு விளையாட்டு, ஒருத்தருக்கு ஓவியம், ஒருத்தருக்கு ராஜா ராணி வரிசை. அதுல பலவீனமான ஒண்ணே ஒண்ண எடுத்து அந்த வாரம் மட்டும் படிங்க, எல்லாத்தையும் ஒரே நேரத்துல இழுத்து போட்டுக்கிட்டா ஒண்ணும் நிக்காது. ஒரே ஆள் போடுற குவிஸா இருந்தா அவருக்கும் சில பழக்கம் இருக்கும், ஒருத்தர் கொடிய விட மாட்டாரு, இன்னொருத்தர் அந்த வாரத்து தேதில முன்னாடி என்ன நடந்துச்சுன்னுதான் கேப்பாரு. அந்த மாதிரி ஆள்னா ஆடுறதுக்கு முன்னாடி அந்த வாரத்து தேதிகள ஒரு தடவ பாத்துட்டு ஒக்காருங்க, அது ஏமாத்து வேலை இல்ல, எதிராளி எப்படி ஆடுவான்னு பாத்து வச்சுக்கிறதுதான். ஒரு வாரம் விட்டுப்போச்சுன்னா பழச அடுத்த நாளே ஆடிருங்க, மூணு நாலு வாரத்த சேத்து வச்சு ஒரே மூச்சுல ஆடினா பாதிலயே அலுத்துப்போய் கடைசி பேப்பர்ல காலி இடமாத்தான் இருக்கும்.