கோழிக்கறி அடித்தட்டுக்குப் போனது

ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி, கறுப்புப் பையோடு எங்கள் ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில்தான் உட்காரும். ஒருமுறை முடிச்சு வழியே இளஞ்சிவப்பாக நீர் கசிந்து, கீழே இருந்த கொத்தமல்லிக் கட்டில் சொட்டியிருந்தது. அந்த நீரில் வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். குழம்பு நன்றாகக் கொதித்தால் செத்துவிடும். பச்சையாகத் தூவும் மல்லியில் எப்படிச் சாகும்? கட்டைத் தூக்கிப் போட்டேன்.

இப்போது கறி மூடிபோட்ட எவர்சில்வர் டப்பாவில், அடித்தட்டில். தயிர், மாவு, மீந்த குழம்பெல்லாம் அதற்கு மேலே. வெட்டும் பலகையும் தனி. நீர் தெறித்துக் கிருமி பரவும், அதனால் கறியைக் கழுவவே வேண்டாம் என்கிறார்கள். மஞ்சள் போட்டு அலசாத கறியை எங்கள் வீட்டில் யாரும் தொட மாட்டார்கள். அதனால் குழாயடியில் தெறிக்க விடாமல் பாத்திரத்தில் அலசுகிறேன், அப்புறம் தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்க்கிறேன்.

ஃப்ரிட்ஜுக்குள் தெர்மாமீட்டர் வைத்தால் 9 டிகிரி! 4-ஐத் தாண்டக் கூடாது. கதவு ரப்பரில் அப்பியிருந்த பிசுக்கைத் துடைத்ததும் சரியாகிவிட்டது.