நாள்பட்ட வலியோடு வாழும் பெரியவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபி: முதல் நாளிலிருந்து தொடங்குவது எப்படி?

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும், அங்கே இருக்கும் பெரியவர் நாற்காலியிலிருந்து எப்படி எழுகிறார் என்பதைத்தான் முதலில் கவனிப்பேன். கைப்பிடியை இறுகப் பிடிக்கிறாரா, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே உந்தலில் எழுகிறாரா, நின்றதும் எதையாவது பிடித்துக்கொள்ளக் கை நீட்டுகிறாரா என்று பார்ப்பேன். எங்கே வலிக்கிறது, எந்தத் தசை தளர்ந்திருக்கிறது, எதற்குப் பயப்படுகிறார் என்பது அந்தச் சில நொடிகளிலேயே முக்கால்வாசி தெரிந்துவிடும். வீடு வீடாகப் போய் பிசியோதெரபி கொடுக்கும் வேலையில் எனக்குப் பழகிப்போன பார்வை இது.

முழங்கால், இடுப்பு, முதுகு, தோள்பட்டை என்று ஏதோ ஓர் இடத்தில் மாதக்கணக்கில் வலியோடு இருக்கும் பெரியவர்களுக்காகவும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஆடாத ஒரு நாற்காலி, ஒரு துண்டு, ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். வேறு எதுவும் வாங்க வேண்டாம்.

வலிக்கும்போது அசைக்கலாமா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான பயம்தான். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறோம். காயம் பட்ட புதிதில் வரும் வலி, "இங்கே கவனி" என்று உடம்பு அடிக்கும் மணி. அதே வலி மாதக்கணக்கில் நீடிக்கும்போது நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடுகிறது. சின்ன அசைவுக்கும் மணி பெரிதாக அடிக்கிறது. அதனால் வலி எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு சேதம் நடக்கிறது என்று கணக்குப் போடக் கூடாது.

மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுத் திரவத்திலிருந்துதான் அதற்குச் சத்து கிடைக்கிறது. காலை மடக்கி நீட்டும்போது, பஞ்சை அழுத்தி விடுவதுபோல, அந்தத் திரவம் உள்ளே போய் வருகிறது. அசைக்காமலே வைத்திருந்தால் மூட்டு இறுகும், சுற்றியுள்ள தசை மெலியும், தசை தாங்க வேண்டிய பாரமும் மூட்டின் மேலேயே விழும்.

"இந்த வயசுக்கு மேல் தசை எங்கே வளரப்போகிறது?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, 1990-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு. முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த, சராசரியாக 90 வயதான பத்துப் பேர் அதில் பங்கேற்றார்கள். எட்டு வாரம் எடை வைத்துத் தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் தசை பலம் சராசரியாக இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. அங்கே நிபுணர்கள் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார்கள், அதனால் அதே பாரத்தை வீட்டில் தூக்க வேண்டாம். தசைக்குக் கற்றுக்கொள்ளும் குணம் எந்த வயதிலும் போவதில்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டியவர்கள்

சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போவது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, கையோ காலோ திடீரென்று பலமிழப்பது, நெஞ்சு வலி, திடீர் மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருப்பது, விழுந்தபின் காலை ஊன்ற முடியாமல் போவது: இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாமல் எடை குறைவது, எப்படிப் படுத்தாலும் இரவு முழுக்க விடாத வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். சமீபத்தில் அறுவை சிகிச்சை நடந்தவர்களும், இதய நோய் உள்ளவர்களும், எலும்பு மெலிவு (ஆஸ்டியோபோரோசிஸ்) அதிகம் உள்ளவர்களும் டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். எலும்பு மெலிந்தவர்கள் முதுகை வளைத்துக் குனிவதையும் வெடுக்கென்று திரும்புவதையும் தவிர்க்க வேண்டும்.

முதல் படி: உங்கள் அளவைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் பதிவில் வேறு எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள். வீட்டில் பயிற்சி பாதியில் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் சோம்பல் காரணமில்லை. வலி குறைந்த நாளில் எல்லாவற்றையும் செய்துவிடுவதுதான் காரணம்.

நான் பார்த்த ஒரு பாட்டி, வலி கொஞ்சம் விட்ட ஒரு காலையில், பல நாளாகக் கிடந்த அலமாரி வேலையை முழுக்க முடித்துவிட்டார். அடுத்த மூன்று நாள் படுக்கை. எழுந்ததும், பின்தங்கியதைச் சேர்த்துப் பிடிக்க மறுபடியும் அதிகமாகச் செய்தார், மறுபடியும் படுத்தார். மாதங்கள் இப்படியே போக, அவரால் செய்ய முடிந்தது கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே வந்தது.

இதற்கு வழி, அளவை முன்கூட்டியே முடிவுசெய்வது. நடையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள், வலி கூடத் தொடங்கும்வரை எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது என்று எழுதுங்கள். 12, 8, 10 நிமிடம் என்று வந்தால் சராசரி 10. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 8. அந்த 8 நிமிடம்தான் உங்கள் தொடக்க அளவு. வலி இருக்கும் நாளிலும் அதற்குப் பக்கத்திலேயே நில்லுங்கள். உடம்பு லேசாக இருக்கும் நாளிலும் 8-தான். அந்த இரண்டாவது பாதிதான் கடினம். எட்டு நிமிடத்தில் நிறுத்தும்போது, "இன்னும் போகலாமே" என்று தோன்ற வேண்டும். அப்படித் தோன்றினால் அளவு சரி.

இரண்டாம் படி: படுக்கையிலேயே தொடங்குங்கள்

காலையில் மூட்டு இறுகியிருக்கும். எழுவதற்கு முன் பாதங்களை மேலும் கீழும் இருபது முறை அசையுங்கள். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முழங்காலின் பின்பக்கத்தால் அதை அழுத்துங்கள். தொடையின் முன்பக்கத்தில் கை வைத்துப் பார்த்தால் தசை கல்லாக இறுகுவது தெரியும். ஐந்து நொடி பிடித்து, விடுங்கள். ஒரு காலுக்கு ஐந்து முறை.

முதுகு வலி உள்ளவர்கள் இரண்டு முழங்கால்களையும் மடக்கிப் பாதத்தை ஊன்றிக்கொண்டு, அடிமுதுகை மெத்தையில் மெதுவாக அழுத்தி விடலாம். இதுவும் ஐந்து முறை. அப்புறம் ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுந்து, கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்காருங்கள். படுத்த நிலையிலிருந்து சட்டென்று நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். பெரியவர்கள் விழுவதற்கு இது முக்கியமான ஒரு காரணம்.

மூன்றாம் படி: நாற்காலியிலிருந்து எழுவது

ஒரே ஒரு பயிற்சிதான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். தொடை, பிட்டம், கெண்டைக்கால் எல்லாம் சேர்ந்து வேலை செய்யும். கழிப்பறைக்குப் போக, வண்டியிலிருந்து இறங்க, கட்டிலை விட்டு எழ, எல்லாவற்றுக்கும் வேண்டியது இந்தப் பலம்தான்.

சக்கரமில்லாத, கைப்பிடி உள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இருக்கையின் முன்பாதிக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதங்களைக் கொஞ்சம் பின்னுக்கு இழுங்கள், குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். நெஞ்சை நிமிர்த்தியபடி, மூக்கு கால் விரல்களுக்கு நேர் மேலே வரும்வரை முன்னால் சாயுங்கள். பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். முன்னால் விழுந்துவிடுவோமோ என்று பயந்து பின்னால் சாய்ந்தபடியே எழப் பார்ப்பார்கள், பாரம் முழுக்க முழங்காலில் ஏறும். சரியாகச் சாய்ந்தால் இருக்கையிலிருந்து உடம்பு தானாகவே லேசாகக் கிளம்புவது தெரியும். அந்த நொடியில் மூச்சை வெளியே விட்டபடி பாதத்தால் தரையை அழுத்தி எழுங்கள். மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும்.

உட்காருவது இன்னும் முக்கியம். தொப்பென்று விழாமல், மனதுக்குள் மூன்று எண்ணியபடி இறங்குங்கள். வலி அதிகமென்றால் இருக்கையில் கெட்டியான தலையணை போட்டு உயரத்தைக் கூட்டலாம், கையையும் ஊன்றலாம். மூன்று முறையில் தொடங்கினாலும் போதும்.

நான்காம் படி: நின்றபடி செய்வது

கனமான மேஜையையோ சமையல் மேடையையோ இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கி மெதுவாக இறக்குங்கள். எட்டு முறை. அடுத்து, ஒரு பாதத்தை இன்னொன்றின் முன்னால், குதிகாலும் விரலும் தொடும்படி வைத்துப் பத்து நொடி நில்லுங்கள். கை மேடைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், முதல் வாரங்களில் யாராவது அருகில் நிற்கட்டும். தொளதொளச் செருப்பு வேண்டாம். கழுத்து, தோள்பட்டை வலிக்கு, உட்கார்ந்தபடி தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் சேர்த்து ஐந்து நொடி பிடித்து விட்டால் போதும்.

நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச்சு துண்டு துண்டானால் வேகம் அதிகம்.

மறுநாள் காலைதான் பதில் சொல்லும்

பயிற்சிக்கு முன், பின், மறுநாள் காலை என மூன்று வேளையும் வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு நோட்டில் எழுதுங்கள். செய்யும்போது வலி ஒன்றிரண்டு புள்ளி ஏறி, மறுநாள் காலைக்குள் பழைய இடத்துக்கு வந்துவிட்டால் சரி, தொடரலாம். காலையிலும் இறங்காமல் இருந்தாலோ மூட்டு வீங்கினாலோ அளவு அதிகம். அடுத்த முறை பாதியாக்குங்கள். குத்தும் வலியோ மின்சாரம் போல ஓடும் வலியோ வந்தால் அந்தப் பயிற்சியை அங்கேயே நிறுத்துங்கள்.

ஒரு வாரம், பத்து நாள் சிக்கலில்லாமல் போனால் பத்தில் ஒரு பங்கு கூட்டலாம். எட்டு முறை செய்தவர் ஒன்பது. நடையையும் எண்ணிக்கையையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள், வலி வந்தால் எதனால் வந்தது என்று தெரியாது. வாரத்துக்கு 150 நிமிட நடை போன்ற உழைப்பு, இரண்டு நாள் தசைப் பயிற்சி, மூன்று நாள் சமநிலைப் பயிற்சி என்பது 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. அங்கே போய்ச் சேர அவசரமில்லை.

வலி திடீரென்று கூடும் நாட்கள் வரும். அன்று முழு ஓய்வு வேண்டாம். படுக்கைப் பயிற்சிகளை மட்டும் செய்யுங்கள், வீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நடங்கள். இறுக்கத்துக்கு வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி 15 நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் பாதத்தில் ஒத்தடம் வைக்கக் கூடாது. தோல் வெந்தாலும் தெரியாது.

கூட இருப்பவர்களுக்கு

எழும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்பட்டை போய்விடும். பலவீனமான பக்கத்தில், அரை அடி பின்னால் நின்று, இடுப்பருகே கை வைத்துக்கொண்டாலே போதும். ஊன்றுகோல், வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு மடிப்பு வரைதான் அதன் உயரம். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோலும் வலிக்கிற காலும் முதலில்.

தொடங்கும் நாளில், அரை நிமிடத்தில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். கையை ஊன்ற வேண்டியிருந்தால் அதையும் குறியுங்கள். ஆறு வாரம் கழித்து அதே நாற்காலியில் மறுபடியும் எண்ணுங்கள். அலமாரியை ஒழித்து மூன்று நாள் படுத்த அந்தப் பாட்டியின் நோட்டில் முதல் பக்கத்தில் "2, கை ஊன்றி" என்று இருந்தது. ஆறாவது வாரத்துப் பக்கத்தில் "6" என்று எழுதி, பக்கத்தில் "கை இல்லாமல்" என்று இரண்டு கோடு போட்டிருந்தார்.