டைவ் அடித்தவருக்கு ஆட்டம் முடிந்தபின் தடை: உள்ளூர் கால்பந்துப் போட்டி நடத்துவோர் செய்ய வேண்டியவை

உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கமாக இருக்கட்டும், கடலூர் அண்ணா விளையாட்டரங்கமாக இருக்கட்டும், ஊர்ப் பொட்டலில் சுண்ணாம்புக் கோடு போட்ட செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) மைதானமாக இருக்கட்டும். நாக் அவுட் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஒருவர் டைவ் அடித்து, அதாவது யாரும் தட்டாமலே சும்மா விழுந்து பெனால்டி வாங்கிவிட்டால், எதிரணி அன்றோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். விழுந்தவரோ அடுத்த சுற்றில் ஜெர்சி மாட்டிக்கொண்டு நிற்பார். நடந்த ஆட்டத்தின் முடிவை மாற்ற முடியாது. ஆட்டம் தொடர்பான விஷயங்களில் நடுவர் சொன்னதே இறுதி என்கிறது கால்பந்துச் சட்டத்தின் 5-ஆம் விதி. அடுத்த சுற்றில் அவரை வெளியே உட்கார வைக்க முடியும். வைக்கவும் வேண்டும். ஆனால் அவசரப்பட்டால், உண்மையிலேயே அடிபட்ட பையனைப் பொய்யன் ஆக்கிவிடுவோம். அதனால் முறை தேவை.

எந்த டைவுக்குத் தடை

12-ஆம் விதிப்படி, ஃபவுல் வாங்கியதுபோலவோ அடிபட்டதுபோலவோ நடித்து நடுவரை ஏமாற்றப் பார்த்தால் மஞ்சள் அட்டை. ஆட்டத்துக்குள் அது போதும். ஆட்டம் முடிந்தபின் தடை என்று வந்தால் வலையைச் சின்னதாக்குங்கள். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2017-18 சீசனில் கொண்டுவந்த விதி நல்ல முன்மாதிரி. டைவ் நடுவரை ஏமாற்றியிருக்க வேண்டும், அதனால் பெனால்டி கிடைத்திருக்க வேண்டும் அல்லது எதிரணிக்காரர் வெளியேற்றப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு ஆட்டத் தடை. நடு மைதானத்தில் உருண்டு புரண்டு ஃப்ரீ கிக் வாங்கியவர் இதில் வரமாட்டார். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அதையெல்லாம் சேர்த்தால் ஒரு நாளைக்கு இருபது புகார் வரும், குழு மூன்று நாளில் சோர்ந்து கைவிட்டுவிடும்.

நடுவர் அந்த டைவுக்கே மஞ்சள் அட்டை காட்டியிருந்தாலும், பார்த்துவிட்டு ஆட்டத்தைத் தொடரச் சொல்லியிருந்தாலும் புகாரை எடுக்காதீர்கள். அங்கே யாரும் ஏமாறவில்லை.

முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்

போட்டி தொடங்கியபின் கொண்டுவரும் விதி செல்லாது. கேப்டன்கள் கூட்டத்தில் வாசித்து, ஒவ்வொரு கேப்டனிடமும் மேலாளரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வாசகம் இவ்வளவு இருந்தால் போதும்:

"நடித்து விழுந்து நடுவரை ஏமாற்றி, அதனால் பெனால்டி பெற்றவர் அல்லது எதிரணி வீரர் வெளியேற்றப்படக் காரணமானவர், மூவர் குழு ஒருமனதாக முடிவு செய்தால், இந்தப் போட்டித் தொடரின் அடுத்த ஓர் ஆட்டத்தில் ஆட முடியாது. ஆட்டத்தின் முடிவு மாறாது. புகாரை எழுத்தில், ஆட்டம் முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் தர வேண்டும். தவறாக வெளியேற்றப்பட்ட வீரரின் தடை நீக்கப்படும்."

அந்தக் கடைசி வரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஏமாற்றியவருக்குத் தடை கொடுத்துவிட்டு, ஏமாந்தவரையும் வெளியே நிறுத்தினால் பாதி நியாயம்தான் செய்திருக்கிறோம்.

இரண்டு ஆட்டம் என்பது நீண்ட லீக்குக்குப் பொருந்தும். நான்கைந்து ஆட்டத்தில் முடிந்துவிடும் நாக் அவுட் தொடரில் ஓர் ஆட்டத் தடையே கனமான தண்டனை. அபராதம் வேண்டாம், அதை ஸ்பான்சர் கட்டிவிடுவார், அல்லது பையனின் பஸ் காசில் கைவைத்ததாக ஆகும். 15 வயதுக்கு உட்பட்டோர் போட்டியில் தடையும் வேண்டாம். பயிற்சியாளரை உட்கார வைத்து வீடியோவைக் காட்டுங்கள், போதும்.

கேமரா

ஒரு கோலுக்கு இரண்டு போன், மொத்தம் நான்கு. ஒன்று பக்கக் கோட்டுக்கு வெளியே, கோல் கோட்டுக்கும் பெனால்டி பாக்ஸ் கோட்டுக்கும் நடுவில். இன்னொன்று கோலுக்குப் பின்னால், போஸ்டிலிருந்து சற்றுத் தள்ளி. ஒரே கோணத்தை நம்பித் தீர்ப்புச் சொல்லவே கூடாது. பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டு கால்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து தெரியும். நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தாலும் தொட்ட மாதிரிதான் தோன்றும். கோலுக்குப் பின்னால் உள்ள கேமராதான் அந்த இடைவெளியைக் காட்டும்.

போனை நொடிக்கு 60 ஃபிரேம் (படம்) எடுக்கும்படி வையுங்கள். வேகமாக ஓடுபவர் நொடிக்கு 7 மீட்டர் போகிறார் என்றால், 30 ஃபிரேமில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 23 செ.மீ. நகர்ந்துவிடுவார், கால் பட்ட கணமே பதிவாகாமல் போகலாம். 60 ஃபிரேமில் இது 12 செ.மீ. அளவுக்குக் குறையும். நிமிடத்துக்கு 100 முதல் 200 எம்பி வரை பிடிக்கும் என்பதால், ஒரு மணி நேர ஆட்டத்துக்கு 12 ஜிபி காலியாக இருக்கட்டும். ஜூம் செய்யாதீர்கள், பந்தின் பின்னால் போனைத் திருப்பாதீர்கள். பாக்ஸ் முழுவதும் தெரிந்தபடி அசையாமல் நிற்க வேண்டும்.

மாலை ஆட்டத்தில் வெயில் மேற்கிலிருந்து வரும். கோல் போஸ்ட்கள் வடக்கு தெற்காக இருந்தால் பக்கக் கேமராவை மேற்குப் பக்கம் வையுங்கள். கிழக்கே கடலைப் பார்த்துப் படம் பிடித்தால் முகமும் காலும் தெளிவாக வரும். கடற்காற்றில் ஸ்டாண்ட் ஆடும். அதன் நடுக்கம்பியில் மணல் நிரப்பிய பையைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஆளுயரத்துக்கு மேலே, ஒரு மேசையின்மேல் வைத்தால் நடுவில் நிற்பவர்கள் மறைக்கமாட்டார்கள்.

வீடியோவில் எதைப் பார்ப்பது

முதலில் இயல்பு வேகத்தில் மூன்று முறை. ஸ்லோ மோஷன் அதன்பிறகுதான், அதுவும் கால் பட்டதா, எங்கே பட்டது என்று பார்க்க மட்டும். மெதுவாக ஓட்டினால் எந்த விழுதலும் யோசித்து விழுந்த மாதிரியே தெரியும்.

போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் பால் மோரிஸ், டேவிட் லூயிஸ் இருவரும் இதை ஆராய்ந்து சில அடையாளங்களைச் சொன்னார்கள். கால் பட்டதற்கும் விழுந்ததற்கும் இடையே நேர இடைவெளி விழுகிறதா? தள்ளிய திசைக்கும் விழுந்த திசைக்கும் பொருத்தம் இருக்கிறதா? பட்ட இடத்தைப் பிடிக்கிறாரா, வேறு இடத்தையா? உதாரணத்துக்கு, 2002 உலகக் கோப்பையில் துருக்கிக்கு எதிரான ஆட்டத்தில் பந்து பிரேசில் வீரர் ரிவால்டோவின் காலில் பட்டது, அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தார், பந்தை உதைத்த துருக்கி வீரர் ஹக்கான் உன்சல் வெளியேற்றப்பட்டார். பின்னர் ஃபிஃபா ரிவால்டோவுக்கு அபராதம் மட்டும் விதித்தது.

நான்காவது அடையாளத்தைக் கண்ணுக்கு நேராகவே காணலாம். கால் தட்டி உண்மையாக விழுபவரின் கைகள் தரையைத் தேடிக் கீழே போகும், ஏனென்றால் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கிறது. நடிப்பவரின் இரண்டு கைகளும் தலைக்கு மேலே போகும், மார்பு முன்னே தள்ளும், தலை பின்னால் சாயும், இரண்டு முழங்கால்களும் ஒன்றாக மடங்கும். வளைத்த வில்லைப் போல இருக்கும். இந்தப் படம் ஒன்று மட்டுமே சாட்சி ஆகாது. மற்ற மூன்றோடு சேர்ந்து வர வேண்டும்.

நடிப்பு அல்லாத விழுதல்களும் உண்டு. சறுக்கிவரும் காலுக்குத் தப்பிக் குதித்து நிலை தவறுபவர் டைவ் அடிக்கவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஈரத் தரையில், ஷூவின் அடியில் உள்ள ஸ்டட் தேய்ந்துபோனவர் தானாகவே வழுக்குவார். தேவனாம்பட்டினம் மணலில் ஆடும்போது கால் புதைவதே போதும், விழ வேறு காரணம் வேண்டாம்.

மூவர் குழு

முன்னாள் நடுவர் ஒருவர், முன்னாள் வீரர் ஒருவர், பயிற்சியாளர் ஒருவர். கடலூர்ப் போட்டிக்குப் புதுச்சேரியிலிருந்தும், புதுச்சேரிப் போட்டிக்குக் கடலூரிலிருந்தும் ஆள் கேளுங்கள். உறவு, தெரு, பள்ளி எல்லாம் பின்னிக்கிடக்கும் ஊரில் உள்ளூர்க்காரர் நேர்மையாகச் சொன்னாலும் ஊர் நம்பாது. வீடியோ போனிலேயே போய்விடும், பயணம் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்து கால் மங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். அணிகள் வெட்டி ஒட்டிக் கொடுக்கும் துண்டுகளை வாங்காதீர்கள்.

மூவரும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஒருவருக்கொருவர் பேசக்கூடாது. கால் பட்டதா, பட்டிருந்தால் அந்த அளவுக்கு விழ அது போதுமா, நடுவர் ஏமாந்தாரா என்ற மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் தரட்டும். ஒருவர் தயங்கினாலும் தடை கிடையாது. இரண்டாவது கேள்விதான் சிக்கல். 2017 நவம்பரில் கிரிஸ்டல் பேலஸுக்கு எதிரான ஆட்டத்தில் எவர்ட்டன் அணியின் ஊமர் நியாஸ் லேசான உரசலைப் பெரிதாக்கி விழுந்து பெனால்டி வாங்கியதாக இங்கிலாந்துச் சங்கத்தின் குழு முடிவு செய்தது. குற்றச்சாட்டை அவர் மறுத்தும் இரண்டு ஆட்டத் தடை வந்தது. உரசல் இருந்தும் தடை என்பதால் அந்தத் தீர்ப்பைப் பற்றி நிறைய வாதம் நடந்தது. உள்ளூர்ப் போட்டிக்கு எங்கள் பரிந்துரை: தெளிவாகக் கால் பட்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

நடுவரின் எழுத்து

இது இல்லாமல் தடை நிற்காது. 2009 ஆகஸ்டில் செல்டிக்குக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் விழுந்து பெனால்டி வாங்கிய ஆர்சனல் வீரர் எடுவார்டோவுக்கு ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏ இரண்டு ஆட்டத் தடை விதித்தது. மேல்முறையீட்டில் அது ரத்தானது. நடுவர் ஏமாற்றப்பட்டார் என்பது போதிய அளவு நிறுவப்படவில்லை என்பதே காரணம். எனவே வீடியோவைக் காட்டும் முன்பே நடுவரிடம் நான்கு வரி வாங்குங்கள்: எங்கே நின்றார், எவ்வளவு தூரம், எதைப் பார்த்தார், எதற்காக விசில் அடித்தார். வீடியோ பார்த்தபின் எழுதினால் அவரது நினைவு மாறிப்போகும், அவரும் கூச்சப்படுவார்.

வீரரின் விளக்கத்தையும் அதே இரவு கேட்டு வாங்கிவிடுங்கள். முடிவை இரவு பத்து மணிக்குள் இரண்டு கேப்டன்களுக்கும் ஒரே நேரத்தில் தெரிவியுங்கள். தடைக் கடிதத்தில் "ஏமாற்றுக்காரர்" போன்ற சொல் வேண்டாம். விதி எண், நிமிடம், தடை, மூவரின் கையெழுத்து போதும். வீடியோவைக் குழுவுக்கு வெளியே அனுப்பாதீர்கள். தொடர் முடிந்து பரிசு வழங்கும் வரை அசல் கோப்புகளை ஒரு பென் டிரைவில் வைத்திருங்கள்.

மைதானத்தில் இன்னொன்றையும் நடுவர்களிடம் சொல்லி வையுங்கள்: இந்த விதி வந்துவிட்டது என்பதற்காக, விழுந்து கிடப்பவரை நடிக்கிறார் என்று விட்டுவிடக்கூடாது. தலையில் பட்டிருந்தால் உடனே ஆட்டத்தை நிறுத்தி முதலுதவிக்காரரை உள்ளே அழைக்க வேண்டும். நடிப்பா இல்லையா என்பதை இரவு பார்த்துக்கொள்ளலாம்.