புதுக் காரின் கதவும் திரையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுக் கார் வாங்கியதும் எல்லோரும் முதலில் பழகுவது திரையைத்தான். ஃபோனை இணைப்பது, பாட்டு வைப்பது, ஏர்கோன் குறைப்பது என்று ஒரு வாரத்தில் கை பழகிவிடும். கதவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கதவில் கேட்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு. இன்றைய கார்களில் முதல் தவறே அதுதான்.

பழைய புரோட்டோன் சாகா, பெரோடுவா மைவி போன்ற கார்களில் உள்ளே இருக்கும் பிடியை இழுத்தால் ஒரு கம்பி கொக்கியை விடுவிக்கும், கதவு திறக்கும். பேட்டரி செத்தாலும் திறக்கும். புதிதாக வரும் பல மின்சாரக் கார்களில் அந்த இடத்தில் ஒரு பொத்தான்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் கணினிக்குத் தகவல் போகும், கணினி சின்ன மோட்டாரை இயக்கும், மோட்டார் கொக்கியை விடுவிக்கும். இதற்கெல்லாம் மின்சாரம் தருவது காரை ஓட்டும் பெரிய பேட்டரி இல்லை, தனியாக இருக்கும் 12 வோல்ட் சின்ன பேட்டரி. "சார்ஜ் எண்பது விழுக்காடு இருக்கே, கதவு எப்படித் திறக்காமல் போகும்?" என்று கேட்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் சின்னது படுத்துவிட்டால் பொத்தான் வேலை செய்யாது.

அதனால்தான் இப்படிப்பட்ட கார்களில் கையால் இழுத்துத் திறக்கும் ஒரு வழியையும் வைத்திருப்பார்கள். அது எங்கே என்று ஓட்டுநருக்குத் தெரிந்தால் போதும் என்று விட்டுவிடுவது அடுத்த தவறு. இதைத்தான் நான் பெரிதாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களும் ஆபத்தில் மாட்டலாம்.

தீபாவளி சமயத்தில் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் வந்து பாருங்கள். கோலாலம்பூரிலும் ஷா ஆலாமிலும் வேலை செய்யும் பிள்ளைகளின் புதுக் கார்கள் தோட்டத்து வீடுகளின் வாசலில் நிற்கும். தெலுக் இந்தானுக்குத் துணி எடுக்கப் போக, பாட்டியைப் பின் சீட்டில் ஏற்றுவார்கள். இறங்கும்போது பாட்டி கதவை மேலும் கீழும் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல கைப்பிடி எங்கப்பா?" என்று கேட்பார். பேரன் முன்னாலிருந்து ஒரு பொத்தானை அழுத்தித் திறந்துவிடுவான். எல்லோரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். பாட்டிக்குக் கைப்பிடியைக் காட்டிக் கொடுக்க அதைவிட நல்ல நேரம் இல்லை.

டெஸ்லாவை எடுத்துக்கொள்வோம். முன் கதவில் கண்ணாடி இறக்கும் சுவிட்சுக்கு முன்னால் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது, அதை மேலே இழுத்தால் திறக்கும். பின் கதவு அப்படி இல்லை. மாடல் ஒய் காரில் கதவின் அடிப்பையில் இருக்கும் விரிப்பை எடுக்க வேண்டும், அதன் கீழே உள்ள மூடியைத் திறக்க வேண்டும், உள்ளே இருக்கும் கம்பியை இழுக்க வேண்டும். அந்த வசதியும் எல்லா மாடல் ஒய் கார்களிலும் இல்லை. பழைய மாடல் 3-இல் பின் கதவுக்கு அப்படி ஒன்றே கிடையாது. இருட்டில், புகைக்கு நடுவே, தண்ணீர் பொட்டல நெகிழியும் பிஸ்கட் உறையும் திணித்துக் கிடக்கும் பைக்குள் கையை விட்டு இந்தக் கம்பியைத் தேட எத்தனை பேரால் முடியும்? அந்தப் பையில் பொருள் போடுவதை முதலில் நிறுத்துங்கள்.

2025 செப்டம்பரில் அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2021-ஆம் ஆண்டு மாடல் ஒய் கார்களைப் பற்றி விசாரணை தொடங்கியது. வெளிக் கைப்பிடி வேலை செய்யாமல் பிள்ளைகள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள், கண்ணாடியை உடைத்துத்தான் எடுத்தோம் என்று சில பெற்றோர் புகார் கொடுத்திருந்தார்கள். சீனாவோ கைப்பிடிக்கென்றே விதி கொண்டுவந்துவிட்டது. 2027 சனவரி 1 முதல் புது மாடல்களில் உள்ளேயும் வெளியேயும் கையால் இயங்கும் திறப்பு இருக்க வேண்டும். ஆனால் நாம் ஏற்கனவே வாங்கி ஓட்டும் கார்களை அந்த விதி மாற்றப் போவதில்லை.

கையால் திறந்து பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கண்ணாடியைச் சுற்றிச் சட்டகம் இல்லாத கதவுகளில், பொத்தானை அழுத்தினால் கண்ணாடி கொஞ்சம் இறங்கிய பிறகுதான் கதவு திறக்கும். நெம்புகோலை இழுத்தால் சில கார்களில் கண்ணாடி இறங்காது, ஓரத்து ரப்பர் அடிபடும். பழகிப் பார்க்க வேண்டுமானால் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு இழுங்கள். ஆபத்து நேரத்தில் ரப்பரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் பயப்பட வேண்டிய இன்னொன்று தண்ணீர். பெர்ணம் ஆற்றங்கரையிலிருந்து பாகான் டத்தோ வரை சாலையோரத்தில் வாய்க்கால்கள். மழை இரவில் ஒரு சக்கரம் வழுக்கினால் கார் உள்ளே போய்விடும். அப்போது பலரும் முதலில் கதவைத் தள்ளுவார்கள். அரை மீட்டர் உயரத்துக்கு வெளியே தண்ணீர் நின்றால் ஒரு மீட்டர் அகலக் கதவின்மேல் சுமார் 125 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் இருக்கும். அதோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். பெல்ட்டைக் கழற்றுங்கள், மின்சாரம் இருக்கும்போதே கண்ணாடியை இறக்குங்கள், பிள்ளைகளை முதலில் வெளியே அனுப்பிவிட்டு நீங்களும் கண்ணாடி வழியாக வெளியேறுங்கள். அவசர எண் 999-க்கு அழைப்பது வெளியே வந்த பிறகு.

கண்ணாடி உடைக்கும் சுத்தியல் வாங்கி வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. வெப்பத்தில் கடினமாக்கிய டெம்பர்ட் கண்ணாடியின் மூலையில் அடித்தால் தூளாகும். நடுவில் நெகிழித் தாள் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி விரிசல் விடுமே தவிர வழி விடாது. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2019-இல் ஆறு கருவிகளைச் சோதித்தது. டெம்பர்டை நான்கு உடைத்தன, லேமினேட்டடை ஒன்றும் உடைக்கவில்லை. பல புதுக் கார்களில் முன் பக்கக் கண்ணாடி லேமினேட்டட்தான். எது எந்த வகை என்று கண்ணாடியின் மூலையில் பெரும்பாலும் பொறித்திருக்கும். இன்றைக்கே போய்ப் பாருங்கள், உடைக்கக்கூடிய கண்ணாடி எது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள்.

சாவி விஷயம் சுலபம். சாவி இல்லாமல் இயங்கும் பல கார்களின் ரிமோட்டுக்குள் இரும்புச் சாவி ஒன்று ஒளிந்திருக்கிறது. ஓரத்தில் உள்ள சின்னக் கொக்கியைத் தள்ளினால் வெளியே வரும். அது நுழையும் துளை ஓட்டுநர் கதவின் கைப்பிடியில், பெரும்பாலும் ஒரு மூடிக்குப் பின்னால் இருக்கும். ரிமோட்டின் பேட்டரி தீர்ந்தால் பல கார்களில் ரிமோட்டை ஸ்டார்ட் பொத்தானில் ஒட்டி வைத்து அழுத்தினாலே வண்டி கிளம்பிவிடும். ஃபோனை மட்டும் சாவியாக நம்பித் தோட்டத்துக்குள் போகாதீர்கள். செம்பனைக்கு நடுவே பல இடங்களில் லைன் கிடைக்காது, இணையம் வழியாகப் பூட்டைத் திறக்கும் செயலி அங்கே உதவாது. அட்டைச் சாவியோ ரிமோட்டோ சட்டைப் பையில் இருக்கட்டும்.

பிள்ளை உள்ளே, சாவியும் உள்ளே, கதவு பூட்டிக்கொண்டது என்றால் பூட்டுக்காரர் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வெயிலில் மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் சூடு சுமார் 10 பாகை ஏறிவிடும். 999-க்கு அழைத்துக்கொண்டே, பிள்ளையிடமிருந்து தூரமாக உள்ள கண்ணாடியை உடையுங்கள். அப்புறம், பின் கதவின் ஓரத்தில் உள்ள சைல்ட் லாக். பிள்ளை சின்னதாக இருந்தபோது போட்டதை வளர்ந்த பிறகும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது போட்டிருந்தால் பின்னால் இருக்கும் பெரியவர் உள்கைப்பிடியை எத்தனை முறை இழுத்தாலும் கதவு திறக்காது.

கடைசியாகத் திரை. ஓடும்போது அதில் தேடுவதுதான் தவறு. சுவீடனின் வி பீலாகரே இதழ் 2022-இல் ஒரு சோதனை செய்தது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில், நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் உச்ச வேகமும் அதுதான், சில சாதாரண வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். பொத்தான்கள் உள்ள 2005 வோல்வோவில் பத்து விநாடியில் முடிந்தது, கார் 306 மீட்டர் போயிருந்தது. திரை உள்ள ஒரு எம்ஜி காரில் 44.9 விநாடி, 1,372 மீட்டர். ஜெர்மனியில் வைப்பரின் வேகத்தைத் திரையில் மாற்றப் போய் மரத்தில் மோதிய ஓட்டுநருக்கு 2020-இல் கார்ல்ஸ்ரூஹ நீதிமன்றம் அபராதத்தோடு ஒரு மாதம் ஓட்டத் தடையும் உறுதி செய்தது. ஐரோப்பிய மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப்பும் 2026 முதல் சிக்னல், வைப்பர், ஹாரன், அபாய விளக்கு போன்றவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடு இல்லாத கார்களின் மதிப்பெண்ணைக் குறைக்கிறது.

எங்கள் சாலையில் எதிரே செம்பனைக் குலை லோரி வரும்போது கண்ணாடி பனித்துப்போனால் திரையில் தேட நேரம் இருக்காது. பனி உள்ளே படிந்திருந்தால் முன் கண்ணாடிக்குக் காற்று அனுப்பும் டிமிஸ்டர், வெளியே படிந்திருந்தால் வைப்பர். இரண்டும் உங்கள் காரில் எங்கே என்று நிறுத்தி வைத்த நிலையில் பழகிக்கொள்ளுங்கள். திரைக்குள் இருந்தால் குரலில் சொல்லி இயக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஷோரூமில் பின் சீட்டில் போய் உட்காருங்கள். கதவைச் சாத்தச் சொல்லுங்கள். மின்சாரம் இல்லாவிட்டால் இங்கிருந்து எப்படி இறங்குவது என்று விற்பனையாளரிடம் கேளுங்கள், அவர் கையாலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். அவரே தேடித் தடுமாறினால் அந்தக் காரை எடுக்காதீர்கள்.